ஏழாம் அறைப் பூட்டு

ஹட்டன்
12.6.1979

அன்புள்ள சிறில் அண்ணனுக்கு,

தங்கை ஜோசப்பின் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். கொழும்பில் நீங்களும் உங்கள் அச்சகத்து எழுத்துகளும் தலைகீழாக நிற்காமல் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். அம்மா சித்தியின் பிரசவத்துக்காக வட்டவளைக்குப் போய் இரண்டு கிழமை ஆகிறது. பிள்ளை இன்னும் வரவில்லை. அதுவும் எப்போதும் பிந்தி வருகிற பொகவந்தலாவை பஸ்ஸில்தான் ஏறியிருக்கும் போல. வீட்டில் நான்தான் சமையல். அப்பா குறை சொல்ல வாயே திறப்பதில்லை. என் ரொட்டியைக் கடித்தபிறகு வாயைத் திறப்பது கஷ்டம்.

சிரித்துவிட்டீர்களா? இனி உட்கார்ந்து படியுங்கள்.

அப்பா காவல் பார்க்கும் நூர்தீன் முதலாளியின் வாடகை அறைகளை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் அவர் கடையில் நின்ற காலத்தில் அது மரக்கறி ஸ்டோர். இப்போது பலகை அடித்துப் பத்து அறையாகப் பிரித்து, சாமான் போட்டுவைக்க வாடகைக்கு விடுகிறார். இந்தியாவுக்குப் போகக் காத்திருப்பவர்கள் தோட்டத்து லய வீட்டுச் சாமான்களைப் போடுகிறார்கள். கடைக்காரர்கள் மிச்சச் சரக்கைப் போடுகிறார்கள். ஆறாம் அறையில் மெத்தை தைக்கிற பைஸர் நானாவின் இலவம்பஞ்சு. எட்டாம் அறையில் கூரை முட்ட வெறும் சாக்கு. நான் அந்த இடத்துக்குக் கினிப்பெட்டி என்று பெயர் வைத்தேன். சிங்களத்தில் அது தீப்பெட்டி, இங்கேயும் பலகையும் பெட்டியும்தானே. பஜாரே இப்போது அப்படித்தான் சொல்கிறது. முதலாளிக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் கறுத்துவிடும்.

அவர் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். "உள்ளே புகைக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, ஆள் தங்கக் கூடாது." போன மாதம் நான் பிளேடை எடுத்துப் 'பு'வின் வாலைச் சுரண்டிவிட்டேன். "உள்ளே பகைக்கக் கூடாது" என்று ஆகிவிட்டது. ஊரே சிரித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் பலகைக்குக் கீழேயே நின்று, "நாங்க யாரையும் பகைக்கலியே!" என்று சொல்லிச் சுருட்டுப் பற்ற வைத்தார்கள். அப்பா எனக்கு ஓர் அறை கொடுத்தார். பத்து அறையோடு பதினோராவது அறை. பிறகு வாலைத் திரும்ப வரைந்தார். ஆனால் அந்தப் பலகையை அதற்குப் பிறகு யாரும் மதிக்கவில்லை அண்ணன். அது என் வேலை.

காலையில் அப்பா, தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதுபோல, பெட்டிகளுக்குப் பெரட்டு எடுப்பார். கைத்தடியால் ஒவ்வொரு கதவையும் தட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து மண்ணெண்ணெய் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பார். ஏழாம் அறைக் கதவை மட்டும் அவர் தட்டுவதில்லை, மோப்பதுமில்லை. போன திங்கட்கிழமைதான் அதைக் கவனித்தேன். அவர் கடைப்பக்கம் போனதும், அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு ஏழாம் கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல், "அண்ணே, தண்ணி கொண்டாந்தீங்களா?" என்றது.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் பேய் தண்ணீர் கேட்காது.

நம் பழைய தோட்டத்து லெட்சுமியக்கா. புருஷன் முத்துலிங்கம் போன வருஷம் தவறிவிட்டார். இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்ததும் தோட்டத்தில் பேரை வெட்டி, குடியிருந்த லயத்துக் காம்பராவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் கப்பல் தேதி இந்த மாதம் இருபத்தேழுக்குத் தள்ளிப்போய்விட்டது. சாமானை வைக்க இங்கே வந்தவளையும் ஆறு மாதக் கைப்பிள்ளையையும் அப்பா சாமானோடு சாமானாக உள்ளே வைத்துவிட்டார். விடாத மழை. பிள்ளைக்குப் பால் கரைக்க வெந்நீர் வேண்டும். அதனால் உள்ளே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரு பக்கம் பஞ்சு, ஒரு பக்கம் சாக்கு, நடுவில் அடுப்பு.

அதைவிடப் பெரியது, பகலில் வெளியே பூட்டுப் போட்டிருக்கிறார். அப்பாவிடம் நேரே கேட்டேன். "பூட்டு தொங்காத கதவைக் கண்டா மொதலாளி தொறந்து பார்ப்பாரு. பார்த்தா அவ நடு ரோட்டுல நிப்பா, நாம அவ பக்கத்துல நிப்போம். இன்னும் மூணு கெழமதான், நீ வாயப் பொத்திக்கிட்டு இரு" என்றார். நம் வீட்டுக்குக் கூட்டி வரலாமே என்றேன். வீடும் முதலாளி கொடுத்தது, அவர் வளவுக்குள்தானே என்று சொல்லிவிட்டார். சாவி அப்பாவின் இடுப்பில். அப்பாவோ முதலாளி ஏவுகிற வேலைகளுக்காக பஜாரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

முதலாளியிடமே சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன். "என்ன வாலு, இன்னைக்கு எந்தப் பலகையச் சுரண்டப் போறே?" என்று சிரித்தார். அப்புறம் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஒங்கப்பா இருக்கிறதால புள்ள நான் நிம்மதியா தொழப் போறேன்" என்றார். சும்மாதான் வந்தேன் என்று சொல்லி, எதையும் சுரண்டாமல் திரும்பிவிட்டேன். நான், அண்ணன்!

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். உள்ளேயிருந்து உதைத்தால் கதவு திறக்கட்டும் என்று நாதாங்கியின் ஆணிகளைக் கத்தியால் தளர்த்திவைத்தேன். மறுநாள் பெரட்டில் அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். கள்ளன் வேலை என்று நினைத்து, இரும்புப் பட்டை அடித்துப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டார். என் குறும்பால் கதவு முன்னைவிட இறுகிவிட்டது.

ஆறு நாளாக நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லச் சொல்லி வகுப்புப் பிள்ளையிடம் சொல்லியனுப்பினேன். அப்பா வெளியே போனதும் குடையும் இரும்பு அலவாங்குமாக ஏழாம் அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று சாயங்காலம் பட்டையை ஒருமுறை நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குப் பலம் போதாது.

இன்று காலை பத்து மணிக்கு உள்ளே அடுப்பு குப்பென்று தீப்பிடித்தது. பலகை இடுக்கு முழுவதும் மஞ்சள் வெளிச்சம். நான் அலவாங்கைக் கொடுத்து நெம்புகிறேன், கத்துகிறேன், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. லெட்சுமியக்கா பிள்ளையின் ஈரத் துணிகளைப் போட்டு அடித்து அணைத்துவிட்டாள். பிறகு இடுக்கில் வாயை வைத்து, "பாப்பா, அண்ணன்கிட்ட சொல்லிறாத. பயந்துபோயி எங்கள வெளிய அனுப்பிருவாரு" என்றாள். அண்ணன் என்று அவள் சொல்வது அப்பாவை. அவளுக்கு வெளியேதான் பயம். எனக்கு உள்ளே. பலகையைத் தொட்டுப் பார்த்தேன், பஞ்சு இருக்கிற பக்கம் வெகுநேரம் சூடாகவே இருந்தது.

அண்ணன், வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். முதலாளி கடையில் மூன்று வருஷம் நின்றவர் நீங்கள், உங்கள் பேச்சை அவர் எடுப்பார். அப்பாவும் நீங்கள் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவார். அவர் கெட்டது நினைத்துப் பூட்டவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு மற்றதைச் சொல்லுங்கள். நான்தான் எழுதினேன் என்றும் சொல்லலாம், அடியை நான் வாங்கிக்கொள்கிறேன். இருபத்தேழாம் தேதி அவர்கள் இரண்டு பேரும் கப்பல் ஏற வேண்டும். அப்பா அதற்குப் பிறகும் நம் அப்பாவாக, பழையபடி தூங்கி எழும்ப வேண்டும்.

இதையும் வாசலில் இருந்துதான் எழுதுகிறேன். கடிதத்தைப் போடத் தபாற்கந்தோருக்குப் போய்வர இருபது நிமிஷம் ஆகும். நான் திரும்பி வரும்வரை அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம் என்று லெட்சுமியக்காவிடம் கேட்டிருக்கிறேன். சரி பாப்பா என்றாள். பிள்ளை அழத் தொடங்கிவிட்டது, பால் நேரம். நான் ஓடப்போகிறேன்.

ஆண்டவர் உங்களுக்குச் சீக்கிரம் லீவு கிடைக்கச் செய்யட்டும்.

உங்கள் தங்கை,
அ. ஜோசப்பின்