இரண்டு முனையிலும் ஓட்டை

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் சரக்கு. நீ போனை எடுப்பதில்லை என்று உட்கார்ந்திருப்பதால், உன் சரக்கைக் கொண்டுவந்த லாரிக்காரரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை அணைத்துவைக்க முடியாது அல்லவா?

படகுத்துறைப் படிக்கட்டுக்கு நீ செய்த கைப்பிடிகள் வந்து சேர்ந்தன. விரலால் தடவிப் பார்த்தேன், எங்கே வெல்டிங் வைத்தாய் என்றே தெரியவில்லை. ஆனால் குழாய்களை எல்லாப் பக்கமும் மூடி அனுப்பியிருக்கிறாய். ஓர் ஓட்டைகூட இல்லை. அதனால்தான் துருப்பிடிக்காமலிருக்க ஜிங்க் பூசும் எங்கள் தொட்டியில் அவற்றை முக்கவில்லை. "கஸ்டமர் முன்னாடி உன் ஆளுங்க என் மானத்தை வாங்கிட்டாங்க" என்று போனில் கத்தினாயே, நிறுத்தியது ஆட்கள் இல்லை, நான்.

தொட்டி மேஸ்திரியை உனக்குத் தெரியும். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவர் பெயரே 'மெதுவா' ஆகிவிட்டது. உன் குழாயைத் தட்டிப் பார்த்த அன்று அவர் மெதுவாகப் பேசவில்லை. "இது குழாய் இல்லம்மா, வெடிகுண்டு. உங்க தம்பிக்கு நம்ம மேல அப்படி என்ன கோவம்?" என்றார். தொட்டியில் கிடப்பது உருகிய ஜிங்க். குழாய்க்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறினால் வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் குழாயைக் கிழித்துக்கொண்டு வரும். ஜிங்க் மழையாகத் தெறிக்கும். தொட்டி ஓரத்தில் நிற்கிற மனுஷன் முழுசாக வீடு போய்ச் சேரவேண்டும்.

ஓட்டை போட்டால் அழகு கெடும் என்கிறாய். கீழ்ப்பக்கம், குழாய்கள் சேரும் மூட்டுக்குப் பக்கத்தில் போட்டால் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? இரண்டு முனையிலும் வேண்டும். ஒன்றில் ஜிங்க் உள்ளே போக, இன்னொன்றில் காற்று வெளியே போக. உள்பக்கமும் ஜிங்க் பிடித்தால்தான் கடல் காற்றுக்குத் தாங்கும். பேசாமல் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று கஸ்டமரிடம் சொன்னாயாமே. அடி, தாராளமாக அடி. கொஞ்ச நாள் புது மாப்பிள்ளை மாதிரி மின்னும். பிறகு உள்ளே துரு தின்றுவிடும், அதை நம்பிப் பிடிக்கிறவர் தண்ணீரில் கிடப்பார். பழைய இரும்பு எடைபோட்டு ஆரம்பித்தவள் நான். எது மின்னும், எது உழைக்கும் என்று எனக்குத் தெரியும்.

கஸ்டமரிடம் நானே பேசிவிட்டேன். தாமதம் எங்கள் பக்கம் என்று சொன்னேன். பொய்தான். ஆனால் உன் பெயர் கெடவில்லை.

லாரிக்காரர் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். சரக்கு ஏற்ற வந்தபோது நீ பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தாயாம். "வீடு பூட்டிக் கிடக்குங்க. அவர் சம்சாரம் அவங்கம்மா வீட்டுக்குப் போய் மாசக்கணக்காச்சாம், பக்கத்துக் கடையில சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். தெரிந்த மாதிரி தலையாட்டிவைத்தேன். போன வாரம்கூட "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்க்கா" என்றாய். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. சின்ன வயதிலிருந்தே நீ கல்லுளிமங்கன். கேட்டால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாய்.

ஓட்டை போட இங்கே மெஷின் இருக்கிறது. ஆனால் எங்கே போடுவது என்று செய்தவன்தான் குறித்துக் கொடுக்கவேண்டும். அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு லாரி திரும்பும்போது நீயும் ஏறி வா. சாக்பீஸ் போதும். பெயின்ட்டால் குறித்தால் அந்த இடத்தில் ஜிங்க் பிடிக்காது. ஒரு நாள் வேலைதான், ஆனாலும் ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொள். ஆபீஸ் மாடி அறையைக் கூட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே என்னைத் தவிர யாரும் ஏறி வரமாட்டார்கள். நீ கூப்பிட்டால்தான் நானும் வருவேன்.

இப்போது நலம் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? பதில் எழுதவேண்டாம், வந்து சொல்.

சரக்கோடு உன்னையும் எதிர்பார்த்திருக்கும்
அக்கா