நாற்பத்தெட்டு போர்டுகள்

கரியாஹாட், கல்கத்தா
8 ஜனவரி 2000

அன்புள்ள பன்னீருக்கு,

வைத்தி எழுதிக்கொள்வது. நீயும் தங்கை தமிழரசியும் மகள் கவிதாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பொங்கலுக்குள் இந்தக் கடிதம் கோயம்புத்தூர் வந்துவிடும் என்று நினைக்கிறேன். உங்கள் மூவருக்கும் வாழ்த்துகள். நல்ல நாளும் அதுவுமாக இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது.

இங்கே இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம். சௌந்தரத்துக்கு மூட்டுவலி திரும்ப வந்திருக்கிறது. லேக் மார்க்கெட்டில் கரும்பு வந்துவிட்டது, மஞ்சள் கொத்துதான் இன்னும் காணோம். புது வருஷம் பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்களே, ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் டிரில்லிங் மெஷின்கூடச் சமர்த்தாக ஓடுகிறது. அதைச் சொல்லித்தான் முதலாளி ரஞ்சன் பாபு என்னைக் கேலி செய்கிறார். என் பயமும் அந்த ரகம்தானாம், நாள் போனால் தானே அடங்கிவிடுமாம். நீயும் போனில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாய்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் பேசியதை நீ முழுசாகக் கேட்கவில்லை, பன்னீர். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு ஆறு தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். உன் ஆபீஸில் போனை எடுக்கிற பெண் நீ டூரில் இருப்பதாகச் சொல்கிறாள். அவள் பின்னாலேயே உன் இருமல் கேட்கிறது. முப்பது வருஷமாகக் கேட்ட இருமல் எனக்குத் தெரியாதா? எனக்குக் கோபம் இல்லை. காகிதத்தைப் பாதியில் வைத்துவிட்டாலும் அது மேஜைமேலேயே கிடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் குறைமாதக் குழந்தைகளைக் கிடத்தும் உன் வார்மர் மெஷினுக்காக நாற்பத்தெட்டு சர்க்யூட் போர்டுகள் அனுப்பினோம். அவற்றில் பாதிக்கு மேல் கெட்டவை. எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உடனே கழற்ற வேண்டும்.

ஒரு போர்டுகூடத் திரும்பி வரவில்லையே, எல்லாம் டெஸ்ட் பாஸ் ஆனதுதானே என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீயும் நானும் டிப்ளமாவை முடித்துக்கொண்டு இங்கே ரேடியோ கம்பெனியில் சேர்ந்தபோது போர்டு என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் செம்பு. திரையில் மையை இழுத்து, ஃபெரிக் குளோரைடில் முக்கி எடுத்தால் வேலை முடிந்தது. சட்டையெல்லாம் மஞ்சள் கறை, சௌந்தரம் துவைத்துச் சலித்துப்போவாள். போர்டு கெட்டால் யார் வீட்டிலோ ரேடியோ கரகரக்கும். நீ ஊரோடு போய்விட்டாய். நான் ரஞ்சன் பாபுவோடு இருந்துவிட்டேன். பத்துப் பேர் இருந்த இடத்தில் முப்பத்தாறு பேர் ஆனோம். பேனா பிடித்து வரைந்த படம் போய் ஃபிளாப்பியில் படம் வர ஆரம்பித்தது. போன ஜூனில் தைவானிலிருந்து புது லைன் வந்து இறங்கியது. போர்டில் இரண்டு பக்கமும் செம்பு ஓடும். மேலேயிருந்து கீழே போக ஊசி முனை அளவுத் துளை, அந்தத் துளையின் உட்சுவரிலும் செம்பு பூச வேண்டும். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம். அது வந்த நாளில் நான் எப்படித் துள்ளினேன் என்று உனக்குத் தெரியும், உனக்குத்தானே முதலில் போன் செய்தேன். நீ பெங்களூரில் போர்டு வாங்கிக்கொண்டிருந்தாய். பழைய சிநேகிதனுக்கு ஒரு வாய்ப்புக் கொடு என்று கெஞ்சி அந்த ஆர்டரை இங்கே இழுத்து வந்தவன் நான்தான்.

செப்டம்பர் பதினேழு விஸ்வகர்மா பூஜை. நீ எத்தனை பூஜையில் எங்களோடு மொட்டை மாடியில் பட்டம் விட்டிருக்கிறாய். நம் ஆயுத பூஜை மாதிரிதான், அன்றைக்கு ஒரு மெஷின் ஓடக்கூடாது, ஒரு விசிறிகூட. இருபத்திரண்டு வருஷமாக முதல் நாள் சாயங்காலம் எல்லா சுவிட்சையும் அணைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. பூஜையும் பந்தலும் இவர்களுடையவை, பொட்டு மட்டும் நம்முடையது என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் புது லைனில் உள்ள செம்புத் தொட்டிக்கு இருபத்துநாலு மணி நேரமும் காற்றுக் குமிழி போய்க்கொண்டிருக்க வேண்டும். காற்று நின்றால் அந்த ரசாயனம் கெட்டுப்போகும். தைவான்காரன் புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறான். நான் படித்திருக்கிறேன். ஷிஃப்டில் இருந்த பிமல்கூட, காற்றடிக்கும் அந்த புளோவரை மட்டும் ஓட விட்டுவிடலாமா வைத்தி தாதா என்று கேட்டான். பூஜையன்று எது ஓடினாலும் குற்றம் என்று நான்தான் சொன்னேன். என் கையால் அணைத்து, அதற்கும் பொட்டு வைத்தேன். வியாழன் சாயங்காலம் அணைத்தது, சனிக்கிழமை சிலையைக் கரைத்து, ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்கள் காலையில்தான் போட்டோம்.

திங்கட்கிழமை தொட்டிச் சுவரெல்லாம் செம்புத் துகள் அப்பியிருந்தது. நீலம் கலங்கியிருந்தது. மொத்தத்தையும் கொட்டியிருக்க வேண்டும். புது ரசாயனம் பம்பாயிலிருந்து வரப் பத்து நாள். துர்கா பூஜைக்கு முன்னால் தருகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வடிகட்டினேன், கொஞ்சம் புதுசு சேர்த்தேன், ஓட்டினேன். பன்னிரண்டு தகடு, தகட்டுக்கு நாலு போர்டு. ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒரு சோதனைத் துண்டு இருக்கும். அதை அறுத்துத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் துளைக்குள் செம்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று தெரியும். முதல் துண்டை அறுத்தேன், நன்றாக இருந்தது. மற்ற பதினொன்றையும் கவரில் போட்டுவிட்டு, பன்னிரண்டும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பரில் மைக்ராஸ்கோப்புக்குப் புது லென்ஸ் வந்தது. சோதித்துப் பார்க்க ஏதாவது துண்டு வேண்டுமே என்று அந்தக் கவரை எடுத்தேன். பதினொன்றில் ஏழில் செம்பு தொடர்ச்சியாக இல்லை. துளையின் ஒரு பக்கம் மட்டும் இழை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரண்ட் வைத்துப் பார்த்தால் அந்த இழை போதும், பாஸ் ஆகிவிடும். ஆனால் உன் மெஷின் சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். ஒவ்வொரு தடவையும் போர்டு விரிந்து சுருங்கும், இழை அறுந்துகொண்டே வரும். முழுசாக அறுந்தால் பயமில்லை, உன் மெஷின் மணி அடித்து நின்றுவிடும். பாதி அறுந்தால்தான் ஆபத்து. குழந்தையின் தோலில் ஒட்டிய கம்பியிலிருந்து வரும் செய்தி அந்தத் துளை வழியாகத்தான் போகிறது. தொட்டும் தொடாமலும் இருந்தால் மெஷின் குழந்தைக்குக் குளிர்கிறது என்று நினைத்துக்கொள்ளும், சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும். இந்த சர்க்யூட்டை வரைந்தவன் நீ. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரஞ்சன் பாபுவைக் கெட்டவர் என்று நினைக்காதே. அவரும் அந்தத் துண்டுகளைப் பார்த்தார். வெகுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, நாமாக எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யாரும் நம்மிடம் ஒரு போர்டு வாங்கமாட்டார்கள், முப்பத்தாறு குடும்பம் தெருவுக்கு வரும், புகார் வரட்டும் அப்போது பார்க்கலாம் என்றார். புகார் என்றால் எப்படி வரும், யார் வீட்டிலிருந்து வரும் என்று கேட்டேன்.

அந்த மெஷின்கள் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தக் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும். எது நல்லது எது கெட்டது என்று பிரித்துக்கொண்டிருக்காதே, நாற்பத்தெட்டையும் கழற்று. கேட்கிறவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கையெழுத்துப் போட்டவன் வைத்தீஸ்வரன், ஏமாற்றியவன் அவன்தான் என்று சொல். போர்டுக்கான ஃபிளாப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். பழையபடி பெங்களூரில் போட்டுக்கொள். எங்கள் ஆர்டரை நானே இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறேன், புரிகிறதா?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று திட்டு. நன்றாகத் திட்டு. திட்டிவிட்டு ஒரு வரி எழுது.

உன்,
வைத்தி



கரியாஹாட், கல்கத்தா
27 ஜனவரி 2000

அன்புத் தங்கை தமிழரசிக்கு,

அண்ணன் வைத்தீஸ்வரன் ஆசியுடன் எழுதுவது. உனக்குத் தனியாக நான் கடிதம் எழுதியதே இல்லை, இதைப் பார்த்து நீ திடுக்கிடுவாய். சௌந்தரம் நலம். மூட்டுவலி குறைந்திருக்கிறது. நான் இப்போது பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன், அவளுக்குக் கறிகாய் நறுக்கிக் கொடுக்கிறேன். இவ்வளவு பெரிசு பெரிசாக நறுக்கினால் எப்படி வேகும் என்கிறாள்.

பன்னீர் பதில் போட்டுவிட்டான். நாலே வரி. ஏப்ரலில் சர்வீஸுக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறானாம், ரஞ்சன் பாபுவோடும் பேசிவிட்டானாம், இனி இதைப் பற்றி எழுத வேண்டாமாம். அடுத்த மாதம் புதிதாக அறுபது மெஷினுக்குக் கவர்ன்மெண்ட் ஆர்டர் கையெழுத்தாகப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அவன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கம்பெனியை ஒரு ஷெட்டில் தொடங்கி அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஏப்ரல் என்பது வெயில் காலம், தமிழரசி. இந்தக் குளிரில்தான் அந்த மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடும்.

நான் அவனுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. அவன் எதிரிலேயே உட்கார்ந்து படி. மறைத்துச் செய்யச் சொல்லவில்லை, அவனிடம் சொல்லிவிட்டே செய். எந்த மெஷின் எந்த ஊருக்குப் போனது என்ற வாரண்டி கார்டெல்லாம் உன் கையெழுத்தில்தான் இருக்கும் என்று நீ போன வருஷம் இங்கே வந்தபோது சொன்னாய். ஊர்ப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். ரயிலிலோ பஸ்ஸிலோ நான் போய்க்கொள்கிறேன், எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் பொறுக்காது என்று உனக்குத் தோன்றினால், நீயே போனை எடுத்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டு, பிளக்கைப் பிடுங்கச் சொல்.

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எண்பத்தாறில் உன் குறைமாதப் பிள்ளை கிடந்த அந்த நர்ஸிங் ஹோமில் இப்படி எந்த மெஷினும் இல்லை. சௌந்தரம் வெந்நீர் காய்ச்சி ரப்பர்ப் பையில் ஊற்றித் தருவாள், நான் மாடிப்படி ஏறி உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பேன். மூன்றாம் நாள் நர்ஸ் வெளியே வந்து இனிமேல் வெந்நீர் வேண்டாம் என்றாள். பன்னீர் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். இந்த மெஷினை ஏன் செய்ய ஆரம்பித்தாய் என்று யார் கேட்டாலும் நல்ல மார்க்கெட் இருக்கிறது என்பான். நம் நாலு பேருக்கும் தெரியும். அந்த மெஷினுக்குள் என் பொய்யை வைத்து அனுப்பிவிட்டேன், தமிழரசி. என்னை மன்னிக்க வேண்டாம். போன் மட்டும் செய்.

கவிதாவுக்கு என் ஆசிகளைச் சொல். இன்னும் பெயர்கூட வைக்காமல், காலில் அம்மாவின் பெயரைக் கட்டிக்கொண்டு அந்த விளக்குகளுக்கு அடியில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

உன் பதிலுக்காக வாசலிலேயே இருக்கும்,
அண்ணன்
வைத்தீஸ்வரன்