பையைத் திறக்காமல் பாட்டை நிறுத்துவது

செவ்வாய்க்கிழமை, ஆனி 2008. வெள்ளவத்தை.

எம்பி3 பிளேயருக்குப் பட்டன் நல்லதா, டச் நல்லதா என்று மூன்று நாளாக இணையத்தில் ஒரு மதுரைக்காரனோடு சண்டை. டச்தான் நல்லது என்கிறான். விடவே மாட்டான்.

இன்றைக்கு அவன் வாயை அடைக்க எழுதினேன்: “செக்கிங்குக்கு பஸ்ஸை மறித்தால், பைக்குள் கையை விட்டு உடனே பாட்டை நிறுத்த வேண்டும். பட்டன் என்றால் விரலுக்குத் தெரியும். டச்சைத் தடவிக்கொண்டு நின்றால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்?”

வென்றுவிட்டேன் என்று தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தால் அவன் பதில் கிடக்கிறது: “செக்கிங்னா டிக்கெட் செக்கிங்தானே? அதுல ஆர்மிக்காரன் எங்கங்க வந்தான்?”

கேலியில்லை. உண்மையாகவே கேட்கிறான். உலகத்தில் எல்லோரும் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள் என்றல்லவா எழுதியிருக்கிறேன்! எப்போதிருந்து இப்படி ஆனேன்?

அறையில் கூட இருக்கும் சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

“ஊர்ப்பேர் போட்டனியோடி? ஆமிக்காரர் கண்ணில பட்டால்? முதல்ல அதை அழி!”

பெயருக்குக் கீழே கிடந்த ஊர்ப்பேரை அழித்தேன். “ஓம், டிக்கெட் செக்கிங்தான்” என்று அவனுக்குப் பதில் எழுதினேன். அனுப்புமுன் எங்கள் ஊர் ‘ஓம்’ என்பதையும் அழித்து, ‘ஆமாம்’ என்று போட்டேன்.