ஏலத்துக்கு ஒரு டிராக்டர் எரு

திங்கள், இரவு

பள்ளி நூலகத்துக்காக நடத்தும் ஏலத்துக்கு என்ன பொருள் தரலாம் என்று இன்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். குத்துவிளக்கு, பட்டுப்புடவை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான், எங்கள் தொழுவத்தில் மக்கிய எரு ஒரு டிராக்டர் தருகிறேன் என்றேன். பெற்றோர் சங்கச் செயலாளர் சிரித்துவிட்டார்.

"ஏலத்துல சாணியாம்மா? ஸ்கூல் மானம் போயிரும்."

எழுதிக்கொள்ளும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பட்டியலின் கடைசியில், வேண்டாவெறுப்பாக எழுதினார்.

அலங்காநல்லூர் பஸ்ஸில் திரும்பும்போது, கூட்டத்துக்கு வந்திருந்த செயலாளரின் மனைவி போன் செய்தார். "மாடித்தோட்டத்துக்கு அந்த எரு அம்புட்டையும் எனக்கே குடுத்துருங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

"ஏலத்துக்கு வாங்கக்கா," என்றேன். "அண்ணே பக்கத்துல உக்காந்து, சத்தமா ஏலம் கேளுங்க."