என்னைத் தேடும் வேலை

மார்ச் 3, செவ்வாய்

கடற்கரைப் பாட்டுக்கான வானொலிக் குறிப்பை இன்று எழுதி முடித்தேன். அறுபதுகளில் பாட்டு வரிசையின் முதலிடத்தை விட்டு இறங்க மறுத்த பாட்டு. எழுதியவர் கடலைப் பார்த்ததே இல்லை. அன்று அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் கிளம்பிவிடப் போகிறாரே என்று அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். பாட்டில் வரும் வேதனை அத்தனையும் உண்மை. இடம்தான் வேறு.

தொகுப்பாளரிடம் சொன்னேன். குரலுக்காக அவரை எல்லாரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் முகம் விழுந்துவிட்டது.

"பல்லா? ஒரு மழைகூட இல்லையா?"

"இல்லை."

"ஒரு சின்னத் தூறல்?"

தூறல் போட்டேன். சம்பளம் வாங்குகிறோமே.

மார்ச் 8, ஞாயிறு

'முதலிடம்' நிகழ்ச்சி, காலை பத்து மணி, நேரடி ஒலிபரப்பு. வெண்கலம் என் எழுத்தை முன்கூட்டிப் படிக்கவே மாட்டார். முன்னாடியே படித்தால் உணர்ச்சி செத்துவிடுமாம். வழக்கம்போல ஒலிவாங்கி திறக்கும் நேரத்தில் தாளைக் கையில் கொடுத்தேன். உணர்ச்சி சாகவில்லை. நேயர்கள் போன் செய்து தூறல் வந்த இடத்தில் அழுததாகச் சொன்னார்கள். பல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அடுத்த வாரம் எழுபதுகளின் கைதட்டல் பாட்டு. டிரம்ஸ்காரர் வரவில்லை. அதனால் ஸ்டூடியோவில் இருந்த எல்லாரையும், துப்புரவு செய்த அம்மா உட்பட, கைதட்ட வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் அதை ஒரு புரட்சி என்று ஆடித் தீர்த்தது.

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். மாதக் கடைசி ஞாயிறு நிலையத்தின் ஆண்டு விழா நிகழ்ச்சி. விளக்குப் பாட்டை எடுக்கிறோம். அதை எழுதி இசையமைத்துப் பாடியவர் நேரில் பேட்டி தர ஒப்புக்கொண்டுவிட்டார்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

"அவரை விட்டுட்டுப் போனாங்களே ஒரு அம்மா, அவங்க எங்க இருக்காங்கன்னு கண்டுபிடி. ரெண்டு வார்த்தை பேசினா போதும், நிகழ்ச்சி எங்கேயோ போயிடும்."

ஆக, என்னைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடமே தரப்பட்டிருக்கிறது.

மார்ச் 11, புதன்

அக்காவிடம் சொன்னேன். மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "கண்டுபிடிச்சா சொல்லு. அவ எனக்கு வீட்டு வாடகையில பாதி தரணும்" என்றாள். தந்துகொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் அவளுக்கு இப்படிப் பேசினால்தான் சாப்பாடு இறங்கும்.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மற்ற பாட்டுகளின் கதையையெல்லாம் எழுதுகிறேன், என் கதைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

அவர் அந்தப் பாட்டைப் போட்டது எங்கள் சமையலறை மேஜையில். நான் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். வாசல் விளக்கின் சுவிட்ச் கெட்டுப்போய் ஒரு வாரமாக விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. "எரியுது பாரு, எரியுது பாரு" என்று முணுமுணுத்தபடி மெட்டுப் போட்டார். விளக்கு அணையாமல் இருந்ததற்குக் காரணம் காதல் அல்ல, எலக்ட்ரீஷியன் வரவில்லை.

பாட்டு வெளிவந்து ஏழாம் இடத்தில் போய் நின்றது. மேலே ஏறவில்லை. இசைத்தட்டுக் கம்பெனியின் விளம்பரக்காரர் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், என் முன்னால் இருந்த பட்டாணியைப் பார்த்தார். "பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற ஆளோட சோகப் பாட்டை எவன் சார் வாங்குவான்?" என்றார். மறுநாள் என் வீட்டுக்காரருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேப்பரைப் புரட்டினேன். நான் அவரை விட்டுப் போய்விட்டதாகப் போட்டிருந்தார்கள்.

நிருபர்கள் வீட்டுக்கு வருவார்கள், நான் அங்கே இருந்தால் அசிங்கம். "ரெண்டே வாரம். பாட்டு கீழே இறங்கினதும் வந்துடு" என்று அவரே பெட்டியைத் தூக்கி, அக்கா வீட்டுக்குப் போகும் டாக்சியில் வைத்தார். இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தோம்.

பாட்டு இறங்கவில்லை. முதலிடத்துக்குப் போய் ஏழு மாதம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஊர் ஊராகக் கச்சேரி. போன் வருவது குறைந்தது. ஒருமுறை நானே கூப்பிட்டேன். உதவியாளர் எடுத்து, "சார்கிட்ட அவங்க வீட்டம்மாவைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க, இன்னும் ஆறலை" என்றார். நான்தான் அந்த வீட்டம்மா என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, சண்டை என்று ஒன்று இல்லாமலேயே, விவாகரத்து. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் பாட்டு படுத்துவிடுமே.

மார்ச் 13, வெள்ளி

மேனேஜர்: "அந்தம்மா கிடைச்சாங்களா?"

நான்: "நெருங்கிட்டேன் சார்."

வெண்கலத்துக்கு வேறு யோசனை. "எவனோ பணக்காரன்கூட வெளிநாடு போயிருப்பா. நல்லா வாழ்ந்திருப்பா, இல்ல?" சுமார்தான் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. தான் பேசியதற்குப் பதில் வந்தால் அதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஊர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஊருக்கு என் முகம் தெரியாது. பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டு என்னைத் திட்டியிருக்கிறார்கள். நானும் "ஆமாம், அநியாயம்" என்று ஒத்து ஊதியிருக்கிறேன்.

அத்தை விஷயம் வேறு.

மாமியாரும் மருமகளும் என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டுமாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் பகல் காட்சிக்குப் போவோம். இடைவேளையில் அத்தை தன் ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு என்னுடையதிலும் பாதியைத் தின்பார். எனக்கு அம்மா இல்லாத குறை அங்கேதான் தீர்ந்தது. இதை அத்தையிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

பேப்பரைப் பார்த்த அன்று அத்தை வெளியூரில் இருந்தார். உங்கள் அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "அம்மா வாய்ல எதுவும் நிக்காது, ரெண்டு வாரம் கழிச்சு சொல்லிக்கலாம்" என்றார். அத்தை அக்கா வீட்டுக்கு போன் செய்தார். "என் பிள்ளை ராத்திரியெல்லாம் அழறான். நீ நல்லா இரும்மா" — அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கும் முன் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நேரில் போனேன், கதவு திறக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் தன் வாயால், அத்தை காதில் விழும்படி, "அவள் போகவில்லை, நான்தான் அனுப்பினேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்கு அவரிடம் ஒரு வேலையும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

பேட்டிப் பதிவு. கழுத்தில் சால்வை, தலைக்குச் சாயம். காதோரம் மட்டும் நரையைத் திட்டம் போட்டு விட்டுவைத்திருக்கிறார். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிக்கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, ஊழியர்களுக்குக் கை காட்டுவதுபோல் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ராத்திரி..." என்று வெண்கலம் எடுத்துக் கொடுத்தார்.

"மழை கொட்டிட்டிருந்தது," என்றார் அவர். நானாவது தூறலோடு நிறுத்துவேன். "பெட்டியை எடுத்தா. போயிட்டா. திரும்பிக்கூடப் பார்க்கலை. வாசல் விளக்கை நான் அணைக்கலை. அந்த வெளிச்சத்துலயே உட்கார்ந்து எழுதினேன்."

அழுதார். நிஜக் கண்ணீர். ஒலி அளவைச் சரிபார்த்தேன், தெளிவாக விழுந்திருந்தது.

இடையில் வெண்கலம் காபிக்குப் போனார். நாங்கள் இரண்டு பேர்தான்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். அந்தப் பெட்டியைத் தூக்கி டாக்சியில வெச்சது யாரு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். "நானா?" என்று கேட்டார்.

சொல்லிடுங்க என்றேன். இப்போதே சொல்லிடுங்க, ஊருக்காக இல்லை, அத்தை கேட்பாங்களே அதுக்காக.

"அதனாலதான் முடியாதுங்கறேன். அம்மா ஒரு ஞாயிறு விடறதில்லை. இந்த வயசுல தன் பிள்ளை பொய் சொன்னான்னு அவங்களுக்குத் தெரியணுமா?"

வெண்கலம் காபியோடு வந்துவிட்டார்.

என்ன மனுஷன் இவன்! அழுதானே — நிஜமாவே அழுதானே! நான் போனதுக்கு அழறான், நான் போகவே இல்லையேடா! பிள்ளை பொய் சொன்னான்னு தெரியக் கூடாதாம். மருமக நெஞ்சில ஈரமில்லாதவன்னு மட்டும் தெரிஞ்சா போதுமாம். ரெண்டு வாரம்னு நம்பி மாத்துப் புடவை மூணே மூணு எடுத்துட்டு வந்தவ நான். மூணு!

மார்ச் 21, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அவருக்கு போன் செய்தேன். நேராகவே சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ரேடியோவுல கேட்கறதைவிட உங்க வாயால கேட்கறது நல்லது." சரி என்றார். "பார்க்கறேன்" என்றும் சொன்னார். இந்த இரண்டாவது வார்த்தைதான் உதைக்கிறது.

மேனேஜரிடம் அந்தம்மா கிடைத்துவிட்டார் என்றேன். நேரில் பேச மாட்டார், எழுதித் தருவார். மகிழ்ச்சியில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 28, சனி

அவருக்குத் திரும்பவும் போன். எடுக்கவில்லை. வேலை போகும் என்றேன் அக்காவிடம். "போனா போகட்டும், கடையில மாத்திரை எண்ணு" என்றாள். உட்கார்ந்து எழுதினேன். தூறல் போடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பத்து மணி. அவர் பேசியதை ஒரு சொல்கூட வெட்டாமல் ஒலிபரப்பினேன். அழுகை உட்பட. பிறகு தாளை வெண்கலத்தின் கையில் கொடுத்தேன். முன்கூட்டிப் படிக்கிற ஆளாக இருந்தால் இன்று பாதி வழியிலேயே ஓடியிருப்பார்.

"நேயர்களே, அன்று மழை இல்லை," என்று ஆரம்பித்தார். கவிதை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நெடுமூச்சும் விட்டார். "நல்ல வெயில். அந்தப் பெண் போன அன்று இந்தப் பாட்டு ஏற்கெனவே வரிசையில் ஏழாம் இடத்தில் இருந்தது. பிரிவுக்குப் பின் எழுதிய பாட்டு பிரிவுக்கு முன்பே கடையில் விற்றது எப்படி என்று யாரும் கேட்கவில்லை."

குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் நேரடி ஒலிபரப்பில் நிறுத்த முடியாது. பட்டாணி வந்தது, எலக்ட்ரீஷியன் வந்தார், விளம்பரக்காரர் வந்தார். "அந்தப் பெண் போகவில்லை. அனுப்பப்பட்டார். அவருடைய மாமியாருக்கு மட்டும் இது தெரிய வேண்டும் என்று விரும்புகிறார். அந்தப் பெண் இந்த நிகழ்ச்சிக்கு எழுதுகிறார். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்" என்று படித்துவிட்டு வெண்கலம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவர் வாயடைத்துப் போய் நான் பார்த்ததில்லை. பாட்டைப் போட்டுவிட்டேன்.

அக்கா வீட்டில் கேட்டிருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் வேகமா படிச்சிருக்கலாம்" என்றாள். கண் சிவந்திருந்தது. தும்மல் என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

மேனேஜர் கத்தித் தீர்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த மாதிரி வேற பாட்டு எதாவது தெரியுமா?" என்றார். போன் நிற்கவில்லையாம். பாதிப் பேர் என்னை நம்பவில்லை. விட்டுட்டுப் போனதும் இல்லாமல் இப்போது பொய் வேறா என்கிறார்கள். மழைதான் நன்றாக இருந்தது என்று ஒருவர்.

வேலை போகவில்லை. வெண்கலம் இனிமேல் முன்கூட்டியே படிப்பாராம்.

அத்தையிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 4, சனி

ஒன்றும் இல்லை. அத்தை அன்று ரேடியோவையே வைக்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டும் நம்பாமல் இருக்கலாம். எதற்காக இப்படிக் காத்துக் கிடக்கிறேன்?

ஏப்ரல் 6, திங்கள்

நிலையத்தில் இருந்தபோது அக்காவின் போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கடைக்கு வா. உடனே" என்றாள்.

போனேன். மருந்து வாங்குகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அத்தை. பாதியாக இளைத்திருந்தார். அக்காவிடம் சீட்டைக் கொடுத்துக் கண் மருந்து வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "உன் தங்கச்சி வருவாளா?" என்று கேட்டாராம்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரேடியோவுல கேட்ட அன்னிக்கே அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்," என்றார். "இல்லைன்னு சொல்லலை. அம்மா, அது அந்தக் காலம்னான்." கண் மருந்தைப் பையில் போட்டுவிட்டு, "உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலையேடி. போனை வெச்சுட்டேனே" என்றார்.

பரவாயில்லை அத்தை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. பரவாயில்லை என்பது பொய். "நான் ரொம்ப அழுதேன் அத்தை" என்றேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இருமல் மருந்து கேட்டு வந்தவரை அக்கா அப்புறம் வரச் சொல்லி அனுப்பினாள்.

ஏப்ரல் 16, வியாழன்

அரை நாள் லீவு. அத்தைக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அறுவை அறைக்கு வெளியே நர்ஸ் என்னை நிறுத்தி, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். சட்டப்படி ஒன்றும் இல்லை.

சக்கர நாற்காலியிலிருந்து அத்தை சொன்னார்: "என் மருமக."

"அப்ப பையன் வரலையாம்மா?"

"அவன் இவளை விட்டுட்டுப் போயிட்டான்."

நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். "ஐயோ பாவம்" என்று வாய்விட்டே சொன்னாள். நான் மறுக்கவில்லை.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு வேளை. காலையும் ராத்திரியும் நான், நடுவில் அக்கா.