லியூ வீட்டில் இரண்டு படங்கள்

லுசேர்ண்
14.06.2025

மதிப்புக்குரிய வரதராசா அத்தானுக்கு,

உங்கள் தம்பி இராஜேந்திரனின் மனைவி தில்லைநாயகி எழுதிக்கொள்வது. நீங்களும் சுசீலாதேவி அக்காவும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். உறையில் எங்கள் விலாசத்தைப் பார்த்ததும் கிழித்து எறியாமல் இதுவரை வாசித்திருந்தால், அதற்கே பெரிய நன்றி. தொலைபேசி எடுத்தால் நீங்கள் வைத்துவிடலாம். அதனால்தான் எழுதுகிறேன். இவருக்கு இது தெரியாது. தெரிந்தால் ஒரு கிழமைக்கு என்னோடும் கதைக்கமாட்டார். உங்கள் குடும்பத்தில் வேறு எதற்குக் குறைவிருந்தாலும் ரோசத்துக்குக் குறைவில்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் வேணுகாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை ஜெனுசன், துன் என்ற ஊரில் இருக்கிற பெடியன், ரெயில் திருத்துகிற இடத்தில் வேலை. அதிகம் கதைக்காத பிள்ளை. அது பரவாயில்லை, எங்கள் மகள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பாள். இவர் சொந்தக்காரர் வீடெல்லாம் நேரே போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறார். நீங்கள் இருக்கிற சோலோதுர்ன் பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே யாருக்கும் சொல்லவில்லையோ என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை என்றார். ஒல்டனில் ஒருதரம் ரெயில் மாறி ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிகமில்லாத ஊர், அத்தான். கனடாவில் இருக்கிறவர்களே எங்களுக்குக் கிட்ட இருக்கிறார்கள்.

இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவர் இருபது வருடத்துக்கு மேலாக இங்கே ஒரு சீன உணவகத்தில் சமைக்கிறார். முதலாளி பெயர் லியூ. அவருடைய தகப்பன், தொண்ணூறைத் தாண்டிய கிழவர், உணவகத்துக்கு மேல் மாடியில் மகன் குடும்பத்தோடுதான் இருந்தார். போன மாதம் தவறிவிட்டார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று நான் எங்கள் பழக்கத்தில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்துக்கொண்டு போனேன். கீழே நூறு பேருக்குச் சமைக்கிற அடுப்பு இருக்கிற வீட்டுக்கு! கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். நான் ஏதோ கோபித்துக்கொண்டு போகிறேன் என்று பயந்து, முதலாளியின் மனைவி மேய் செருப்பும் சரியாகப் போடாமல் பஸ் தரிப்பு வரைக்கும் ஓடி வந்தா. செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது, அது எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். சிரித்தா. பிறகு அழுதா. பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பேரும் தரிப்பில் கிடந்த மர வாங்கிலேயே இருந்தோம். கிழவரின் கதையை அங்கேதான் சொன்னா.

கிழவருக்கு ஒரு தமையன். யப்பான்காரன் சீனாவுக்குள் வந்து ஊர்களை எரித்த காலத்தில், தாய் இந்த இரண்டு பேரையும் சோளக் காட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாவாம். அதற்கு முதலே அந்த நாட்டில் தேசியவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். யப்பான்காரன் வந்ததும் ஒன்றாக நிற்பதாகச் சொன்னார்கள். ஒன்றாக என்றால், ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டாமல் ஒன்றாக. தமையன் யப்பானை அடிக்கக் கம்யூனிஸ்டுகளோடு போனார். யப்பான் தோற்றதும் இரண்டு பக்கமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அப்போது தேசியவாதிகளின் அரசாங்கத்துப் படை வந்து தம்பியை, அதுதான் எங்கள் கிழவரை, சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. ஒரே தாய் பெற்ற இரண்டும் எதிரும் புதிருமாக. கடைசியில் தம்பியின் பக்கம் தோற்க, அவர் கப்பலில் தாய்வானுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நாற்பது வருடம் தாய்வானுக்கும் சீனாவுக்கும் இடையில் போக்குவரத்து இல்லை. பிறகு போய்ப் பார்க்கலாம் என்று தாய்வானில் அனுமதி கொடுத்தார்கள். கிழவர் போகவில்லை. மூத்தவன் அவன், அவன்தான் முதலில் கூப்பிடவேண்டும் என்று இரண்டு வருடம் வீம்பாக இருந்தாராம். மூன்றாம் வருடம் மனம் கேட்காமல் போனார். தமையன் செத்து ஆறு மாதம். தமையனின் மனைவி கிழவரை இருக்கவைத்து, சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னது இதுதானாம்: “உங்களைத் திட்டாமல் அவர் ஒருநாளும் படுத்ததில்லை. திட்டிவிட்டு, அவன் உயிரோடு இருக்கிறானோ தெரியாது என்பார்.”

அடுத்த நாள் நானும் இவரும் கிழவரின் இறுதிச் சடங்குக்குப் போனோம். பூவுக்கு நடுவில் இரண்டு படம் வைத்திருந்தார்கள். ஒன்று கிழவர், வாலிபத்தில், அரசாங்கத்துச் சீருடையோடு. மற்றது தமையன், எதிரிப் படையின் தொப்பியோடு. கிழவரே அப்படி வைக்கச் சொல்லியிருந்தாராம். இவர் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றார், நின்றார், பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்: “அண்ணைக்கு இப்ப எத்தினை வயசு இருக்கும்?”

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவர் வாயில் அண்ணை என்ற சொல்லை நான் கேட்டதில்லை, அத்தான்.

எண்பத்தாறில் யாழ்ப்பாணத்தில் நடந்ததை நான் கேள்விப்பட்ட அளவுக்குத்தான் அறிவேன். ஆமி கோட்டைக்குள் இருந்து ஷெல் அடித்துக்கொண்டிருக்க, வெளியே எங்கள் பெடியள் எங்கள் பெடியளைச் சுட்டார்கள். நீங்கள் ஒரு இயக்கம், இவர் ஒரு இயக்கம். இவருடைய சிநேகிதன் அருட்செல்வன் நீங்கள் இரண்டு பேரும் இருந்த வீட்டு மாட்டுக் கொட்டிலில் ஒளித்திருந்ததை நீங்கள்தான் உங்கள் ஆட்களுக்குச் சொன்னீர்கள் என்று இவர் நம்புகிறார். இல்லை என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு இந்திய ஆமி வந்தபோது இவருடைய ஆட்களின் கை ஓங்கியது. உங்களைக் கொண்டுபோய் அடித்து ஒரு காதைக் கெடுத்தபோது, இவர் அந்த முகாமில் இருந்தும் தடுக்கவில்லை என்று நீங்கள் நம்புகிறீர்கள். இல்லை என்று இவரும் சொன்னதில்லை. நான் இரண்டு பேரிடமும் கேட்கப்போவதில்லை. சுடப்பட்டுச் செத்த அந்த அருட்செல்வனின் தாய்க்குத்தான் அதைக் கேட்க உரிமை இருந்தது, அவவும் போய்விட்டா. மன்னிக்கச் சொல்லி எழுதவும் எனக்கு வாயில்லை.

ஆனால் வேணுகாவுக்கு இதில் என்ன பங்கு? சின்ன வயதில் தேர்த் திருவிழாவில் உங்களைக் கண்டுவிட்டு, அப்பா மாதிரியே நடக்கிற அந்த ஆள் ஆர் என்று கேட்டவள். இவர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டார். இப்போது எல்லாம் தெரிந்த பிள்ளை. பெரியப்பா இல்லாமல் மணவறையில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. பிடித்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன்.

வேறொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மார்கழியில் இவருக்கு நெஞ்சு நோ வந்து, இரத்தக்குழாய் அடைக்காமல் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் கவனமாக இருக்கிற ஆளோ என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாற சனிக்கிழமை பின்னேரம் நானும் வேணுகாவும் வெற்றிலை பாக்கோடு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். முறைப்படி இவர்தான் வரவேண்டும். வரமாட்டார், அதற்கு நான் பொறுப்பு. கதவைத் திறந்துவிடுங்கள். தேத்தண்ணிகூட வேண்டாம்.

நல்ல காரியத்துக்கு வீடு தேடி வந்து சொல்லவேண்டும். செத்தவீட்டுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. இவருக்கு ஒன்று நடந்தால், ஒருவரும் சொல்லாமலே நீங்கள் முதல் ரெயிலில் வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு குழறி அழுவீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு உங்களை வாங்கோ அத்தான் என்று கூப்பிட எனக்கு மனம் வராது. அதனால் இப்போதே கூப்பிடுகிறேன். இவர் தன் கண்ணால் உங்களைப் பார்க்கிற நாளில் வாங்கோ அத்தான்.

உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்டு நிற்கும்,
தில்லைநாயகி