நாலு துளையில் எடுத்த பித்தப்பை

மாப்ள, இன்று குளிக்கும்போது வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒன்று உரிந்து கையோடு வந்தது. அடியில் அரை விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். இப்படி நாலு. உனக்கு எடுத்த அதே பித்தப்பையை எனக்கும் எடுத்து எட்டு நாள் ஆகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்கு விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்திருந்தார்கள். படுத்த வியாபாரியை நம்பி எவனும் தோட்டத்துப் பழத்தை விலைபேசி விடமாட்டான் என்று பன்னிரண்டாம் நாளே கம்பத்துக்கு வந்து, தோட்டக்காரர்கள் பார்க்கத் திராட்சைப் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தாய். உள்தையல் விட்டுக் குடல் பிதுங்கியது. மறுபடி ஆபரேசனா என்று பயந்து, கண்ணை மூடும்வரை வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே திரிந்தாய். நானும் உனக்கு ஒத்துத்தான் பேசினேன்.

அந்தத் தழும்பை நினைத்தே இரண்டு வருஷம் பித்தப்பைக் கல்லோடு ஓட்டினேன். போன மாதம் கோம்பையில் ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில் வலி தாங்காமல் மண்ணில் படுத்துவிட்டேன். வீட்டில் கேட்டாளே ஒரு கேள்வி: "அவுக வயித்துத் தழும்புக்குப் பயந்தே நீங்க செத்துருவீக போல?"

தேனியில் சின்ன வயது டாக்டரம்மா. கையை உள்ளே விடாமல் எப்படி அறுப்பீர்கள் என்று மடக்கினேன். வேறொரு நோயாளியின் ஆபரேசன் வீடியோவை, பெயரை மறைத்துப் போட்டுக் காட்டினார். அடடா, மாப்ள! ஈரலுக்கு அடியில் பை தொங்குகிறது, பந்தலில் கொத்து தொங்குகிற மாதிரி. கத்தரியை வைக்காமல் கொழுப்பை மட்டும் பொறுமையாக விலக்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் தாமதம் என்றேன்.

"பையோட குழாய், அதோட ரத்தக் குழாய், ரெண்டு காம்பும் தனித்தனியாத் தெரியணும் ஐயா. தெரியாம வெட்டுனா பக்கத்துல ஈரலோட பித்தக் குழாய் போயிரும். தெரியலேன்னா வயித்தத் திறந்துதான் எடுப்போம்."

பழம் வெட்டுகிற ஆளிடம் கொத்தைத் திருப்பிக் காம்பைப் பார், அடுத்த வெள்ளாமைக்கு உள்ள கொடியை அறுத்துவிடாதே என்று நாம் கத்துவோமே, அதேதான். அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

உனக்குச் செய்தவர் வேலை தெரியாதவரா என்றும் கேட்டேன். இல்லையாம். அப்போது கண்ணும் கையும் போக வழி வேண்டியிருந்தது. இப்போது கேமரா போகிறது, அதனால் வெட்டு சுருங்கிவிட்டது. உன் குடலிறக்கத்துக்கும் இதே துளைகள் வழியாக வலை வைத்துத் தைக்கிறார்களாம்.

ஆபரேசன் முடிந்த அன்று சாயங்காலமே எழுந்து நடந்தேன். மறுநாள் வீடு. நேற்று கோம்பைத் தோட்டத்தில், ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கமாட்டேன், ஆபரேசன் ஆகியிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எந்த வியாபாரியும் சொல்லமாட்டான். தோட்டக்காரர் சம்சாரம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தது. அதற்கும் கல்லாம், ஒரு வருஷமாக மறைத்திருக்கிறது.

"வலிக்குமாண்ணே?"

"வலிக்கும்மா. ரெண்டு நாள். பயந்துக்கிட்டுக் கிடந்தா அதவிட வலிக்கும்."

திங்கட்கிழமை தோட்டக்காரரையும் சம்சாரத்தையும் தேனிக்கு அழைத்துப் போகிறேன். அந்தம்மாவிடம் சொன்னது, நீ பெல்ட்டை இறுக்கிக் கட்டும்போதெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, மாப்ள. எனக்கும் பயமாக இருந்தது; சொல்லவில்லை.